கடல் கடந்து வரும் விஷமுறிவு மருந்தும் எங்கள் ஊர்ப் பாம்புகளும்

கண்ணாடி விரியன் கடித்தால் இரத்தம் உறையாமல் போகும், சிறுநீரகம் பழுதாகும். இந்தப் பாம்பும் அதன் நெருங்கிய உறவினமும் வாழும் ஆசிய நாடுகள் எல்லாவற்றிலும் இது பொதுவான கதை. ஆனால் இலங்கையில் கடிபட்டவருக்கு இன்னொன்றும் நடப்பதுண்டு. கண் இமைகள் தானாகவே இறங்கும், ஒரு பொருள் இரண்டாகத் தெரியும், உடம்பு முழுக்கத் தசை நோகும். மியன்மாரில் உறவினப் பாம்பு கடித்தவர்களில் சிலருக்கு மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பி சேதமாகி, உயிர் தப்பிய பின்னரும் ஓமோன் குறைபாடு தொடர்கிறது. வெளித்தோற்றத்தில் கிட்டத்தட்ட ஒரே பாம்பு. உள்ளே இருக்கும் நஞ்சு ஒன்றல்ல.

எங்கள் வைத்தியசாலைகளில் பாம்புக்கடிக்கு ஏற்றப்படும் விஷமுறிவு மருந்து நீண்ட காலமாக இந்தியாவிலிருந்தே வருகிறது. இந்தியப் பாம்புகளின் நஞ்சைக் கொண்டு செய்யப்படும் மருந்து அது. அது உயிர்களைக் காப்பாற்றுகிறது. அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் இலங்கைப் பாம்பின் நஞ்சுக்கு அது முழுதாகப் பொருந்துவதில்லை. ஏன் என்று கேட்டால், பதிலை மருந்துக் கம்பனிகளிடமும் அரசாங்கத்திடமும் மட்டும் தேடினால் போதாது. எலி, தவளை, கீரி ஆகியவற்றிடமும் தேட வேண்டும்.

விடயம் சிறியதல்ல. 2012, 2013 காலப்பகுதியில் ஒன்பது மாகாணங்களிலும் வீடுவீடாக நடத்தப்பட்ட கணக்கெடுப்பின்படி, இலங்கையில் ஒரு வருடத்தில் ஏறத்தாழ 80,000 பேரைப் பாம்பு கடிக்கிறது. 30,000 பேரளவில் உடலில் நஞ்சு ஏறுகிறது. 400க்கு மேற்பட்டோர் இறக்கிறார்கள். வயலில் வரம்பு வெட்டுகிறவர், இருட்டோடு தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டப் போகிறவர், விறகு எடுக்கப் பற்றைக்குள் கை வைக்கிறவர் ஆகியோரே அதிகம் கடிபடுகிறார்கள்.

வடக்கில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. மனிதர் விட்டுப்போன காணி வெறுமையாகக் கிடப்பதில்லை. பற்றை மூடும், எலியும் ஓணானும் பெருகும், அவற்றின் பின்னால் பாம்பு வரும். 2009க்குப் பிறகு வன்னிக்குத் திரும்பியவர்களும், 1990 இல் விட்டுப்போன வலிகாமம் வடக்குக் காணிகளுக்குக் கால் நூற்றாண்டுக்குப் பிறகு திரும்பியவர்களும், இப்படிப்பட்ட வளவுகளைத்தான் கையால் துப்பரவாக்கினார்கள். கூடாரத்திலும் தகரக் கொட்டிலிலும் நிலத்தில் பாய் விரித்துப் படுத்தார்கள். எந்தப் பாம்பு கடிக்கும், கடித்தால் உடலில் என்ன நடக்கும் என்பது அவர்களுக்குப் பாடப்புத்தக விடயம் அல்ல.

கீரி மூலிகை தின்பதில்லை

கீரி பாம்போடு சண்டை பிடித்துக் கடிவாங்கினால் ஓடிப்போய் ஒரு பச்சிலையைத் தின்று நஞ்சை முறித்துக்கொள்ளும் என்று ஊரில் சொல்வார்கள். கீரிப்பூண்டு என்று ஒரு செடிக்குப் பெயரே வைத்திருக்கிறோம். நல்ல கதைதான். ஆனால் கீரியின் மருந்து செடியில் இல்லை, அதன் தசையில் இருக்கிறது.

நாகபாம்பின் நஞ்சு எப்படிக் கொல்கிறது என்பதை முதலில் பார்ப்போம். மூளையிலிருந்து வரும் கட்டளையை நரம்பு தசைக்குக் கொடுக்கும் இடத்தில் ஒரு சிறு இடைவெளி இருக்கிறது. நரம்பின் முனை அசற்றைல்கோலின் என்ற இரசாயனத்தை வெளிவிடும். தசையின் மேற்பரப்பில் அதை ஏற்கும் 'வாங்கி' என்ற புரதம் இருக்கும். பூட்டும் திறப்பும் போல, அது பொருந்தினால்தான் தசை சுருங்கும். நாகபாம்பின் நரம்பு நஞ்சு அந்தப் பூட்டின் துவாரத்துக்குள் போய் அடைத்துக்கொள்கிறது. திறப்பு நுழைய இடமில்லை. முதலில் இமை, பிறகு தொண்டை, கடைசியில் மூச்சு விடும் தசைகள் என்று ஒவ்வொன்றாக நின்றுபோகின்றன.

கீரியின் உடலில் இந்தப் பூட்டே மாறியிருக்கிறது. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவன ஆய்வாளர்கள் 1992 இல் இதைக் காட்டினார்கள். வாங்கிப் புரதத்தில் நஞ்சு ஒட்டும் இடத்தில் சில அமினோ அமிலங்கள் மாறி, அதன் பயனாக ஒரு வெல்லச் சங்கிலி அங்கே தொங்கிக்கொண்டிருக்கிறது. அசற்றைல்கோலின் சிறிய மூலக்கூறு. அது இடையால் புகுந்துவிடும். பாம்பின் நஞ்சு பெரிய மூலக்கூறு. அது முட்டிக்கொண்டு வெளியே நிற்கும். நாகபாம்பு தன் நஞ்சாலேயே சாகாமல் இருப்பதற்கும் ஏறத்தாழ இதே உபாயம்தான் காரணம்: அதன் வாங்கியிலும் அந்த இடத்தில் ஒரு வெல்லச் சங்கிலி. கீரி பாம்பிடமிருந்து இதைக் கடன் வாங்கவில்லை. இரண்டும் தனித்தனியே வந்து சேர்ந்தவை. பன்றி, முள்ளெலி, தேன்வளைக்கரடி ஆகியவற்றில் வேறொரு மாற்றம். நஞ்சு ஒட்டும் இடத்தில் நேர்மின்னேற்றம் கொண்ட ஓர் அமினோ அமிலம் வந்து உட்கார்ந்திருக்கிறது. நஞ்சும் நேர்மின்னேற்றம் கொண்டது. காந்தத்தின் ஒத்த முனைகள் போல ஒன்றையொன்று தள்ளிவிடுகின்றன.

கீரி இதைத் திட்டமிட்டுச் செய்யவில்லை. பல்லாயிரம் தலைமுறைகளுக்கு முன், தற்செயலாகப் பரம்பரையலகில் ஏற்பட்ட ஒரு விகாரம் ஏதோ ஒரு கீரிக்கு இந்தப் பூட்டைக் கொடுத்தது. அது கடிபட்டும் பிழைத்தது, குட்டி ஈன்றது. மற்றவை செத்தன. பாடசாலையில் இதைக் கூர்ப்பு என்று படித்திருப்போம். இந்தியப் புத்தகங்கள் பரிணாமம் என்கின்றன. ஆனால் பாடசாலையில் பெரும்பாலும் சொல்லித்தருவது குளிர், வெப்பம், வறட்சி போன்றவற்றுக்கு உயிர்கள் இசைவாகும் கதை. குளிர் ஒருநாளும் பதிலுக்கு மாறாது. பாம்பு மாறும். கீரி தாக்குப்பிடித்தால், இன்னும் கடுமையான அல்லது வேறு வழியில் கொல்லும் நஞ்சுள்ள பாம்பே பிழைக்கும். அப்போது கீரி மீது மீண்டும் நெருக்குதல் விழும். ஓர் உயிரின் கூர்ப்பு இன்னொரு உயிரின் கூர்ப்பைத் தள்ளிக்கொண்டே போவதைக் கூட்டுக்கூர்ப்பு என்கிறோம். 1964 இல் போல் ஏர்லிக், பீற்றர் ரேவன் ஆகிய இருவர் வண்ணத்துப்பூச்சிகளையும் செடிகளையும் பற்றி எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் அந்தச் சொல் பரவலானது. எருக்கலைப் பால் நஞ்சு. ஆனால் ஒரு புழு அந்த இலையையே தின்று வளர்ந்து, வண்ணத்துப்பூச்சியான பின்னும் அந்த நஞ்சைத் தன் உடலில் வைத்துப் பறவைகளிடமிருந்து தப்புகிறது. வேலியோரத்தில் நடப்பது அதே கதைதான்.

விஞ்ஞானிகள் இதற்கு 'ஆயுதப் போட்டி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஆயுதம் என்ன செய்யும் என்று கண்ட எங்களுக்கு அந்தச் சொல் அவ்வளவு உவப்பானதல்ல. ஆனாலும் ஒரு விடயத்தை அது சரியாகச் சொல்கிறது: இரு தரப்பும் செலவழித்துக்கொண்டே இருக்கும், ஒருவரும் முன்னேறியதாகத் தெரியாது. நஞ்சு செய்வதற்குப் பாம்புக்குப் புரதம் செலவாகிறது. தேவையில்லாத இடத்தில் அந்தச் செலவை அது தொடர்வதில்லை.

ஊருக்கு ஊர் வேறு எதிரி

இங்கேதான் எங்கள் மருந்துப் பிரச்சினையின் வேர் இருக்கிறது. போட்டி எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில் நடப்பதில்லை. அந்தந்த இடத்தில் யார் இருக்கிறார்களோ அவர்களோடுதான் நடக்கும்.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் நிலத்தில் வளை தோண்டி வாழும் அணில்கள் இருக்கின்றன. அவற்றின் குட்டிகளைத் தின்ன, வாலில் கிலுக்கட்டி போன்ற அமைப்புள்ள ராட்டில் பாம்பு வரும். தாய் அணில் பாம்பின் முகத்துக்கு நேரே போய் வாலை ஆட்டி, மண்ணை வாரி இறைத்து எதிர்த்து நிற்கும். அந்தத் துணிவுக்குக் காரணம் அதன் இரத்தம். நஞ்சின் நொதியங்களை மழுங்கடிக்கும் புரதங்கள் அதில் உண்டு. பல இடங்களின் பாம்பையும் அணிலையும் எடுத்து ஆய்வுகூடத்தில் மாற்றி மாற்றிச் சோதித்து 2016 இல் வெளியிட்டார்கள். ஒவ்வோர் இடத்துப் பாம்பின் நஞ்சும், தன் இடத்து அணிலின் எதிர்ப்பை முறியடிப்பதில்தான் கூடுதல் திறமை காட்டியது. வேற்றிடத்து அணிலிடம் அந்தத் திறமை குறைந்தது. பாம்பினம் ஒன்றே, அணிலினமும் ஒன்றே. மாறியது ஊர் மட்டும்.

உணவும் அப்படித்தான். மலாயாவின் குழிவிரியன்களில் நஞ்சின் சேர்மானம் இடத்துக்கு இடம் வேறுபடுவது அவை தின்னும் இரையோடு ஒத்துப்போகிறது என்று 1996 இல் காட்டப்பட்டது. எங்களுக்கு இன்னும் கிட்டிய உதாரணம் சுருட்டை விரியன். யாழ்ப்பாணத்திலும் வடக்கின் ஏனைய கரையோர மணற்பாங்கான இடங்களிலும் காணப்படும் சின்னப் பாம்பு அது. உடலைச் சுருட்டிச் செதில்களை உரசிச் சத்தம் எழுப்பும். ஆபிரிக்காவிலிருந்து ஆசியா வரை பரந்திருக்கும் இந்தச் சுருட்டை விரியன் குடும்பத்தில், தேளையும் மட்டத்தேளையும் அதிகம் தின்னும் இனங்களின் நஞ்சு தேளைக் கொல்வதில் கடுமையானது. எலி போன்ற முதுகெலும்புள்ள பிராணிகளைத் தின்னும் இனங்களின் நஞ்சால் தேள் அவ்வளவு இலகுவில் சாவதில்லை. ஆக, பாம்பின் பல்லில் இருப்பது அதன் முன்னோர் தின்ற சாப்பாட்டின் வரலாறு.

அந்த வரலாற்றில் மனிதன் எங்கே? பெரும்பாலும் எங்குமில்லை. எங்களைத் தின்னப் பாம்பு நஞ்சு செய்யவில்லை. எலிக்கும் தவளைக்குமாகச் செய்த நஞ்சு, காலால் மிதித்துவிட்ட மனிதனின் உடலிலும் வேலை செய்கிறது, அவ்வளவுதான். ஆனாலும் எங்கள் உடலிலும் பாம்பு ஒரு தடம் விட்டிருக்கிறது. நாகபாம்பு இல்லாத மடகஸ்காரின் லீமர்களும் தென்னமெரிக்கக் குரங்குகளும் அதன் நரம்பு நஞ்சுக்கு மிக எளிதில் இலக்காகும் வாங்கிகளைக் கொண்டவை. ஆபிரிக்க, ஆசியக் குரங்குகளில் அந்த வாங்கியில் நஞ்சு ஒட்டுவது குறைவு. கொரில்லா, சிம்பன்சி, மனிதன் என்ற வரிசையில் இன்னும் குறைவு என்று 2021 இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. இதை வாசித்துவிட்டு யாரும் துணிய வேண்டாம். கீரியின் பூட்டோடு ஒப்பிட்டால் எங்களுடையது பாதி திறந்த கதவு.

இனி எங்கள் கடலுக்கு வருவோம். ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல் மட்டம் இன்றையதைவிட 120 மீற்றர் அளவு தாழ்ந்திருந்தது. பாக்கு நீரிணை ஆழமற்றது; அன்று அது தரை. கண்ணாடி விரியன், நாகபாம்பு, கட்டுவிரியன், சுருட்டை விரியன் எல்லாம் அங்குமிங்கும் நடமாடக் கூடியதாக இருந்தது. பிறகு கடல் ஏறியது. தீவில் அகப்பட்ட பாம்புகள் தீவின் இரையோடும் தீவின் எதிரிகளோடும் தனியே தங்கின. கூர்ப்பில் தற்செயலுக்கும் பங்கு உண்டு. சிறிய கூட்டமாகப் பிரிந்துபோனால் சில இயல்புகள் காரணமின்றியே நிலைத்துவிடும். இவையெல்லாம் சேர்ந்து, நாங்கள் புடையன் என்று சொல்லும் அதே கண்ணாடி விரியனின் நஞ்சை இடத்துக்கு இடம் வேறாக்கின. இந்தியாவுக்குள்ளேயே இது உண்டு. பெங்களூர் இந்திய விஞ்ஞான நிறுவனத்தில் கார்த்திக் சுனகரின் குழு, பல மாநிலங்களின் கண்ணாடி விரியன் நஞ்சையும் நாகபாம்பு நஞ்சையும் ஒப்பிட்டு, சில பகுதிகளின் நஞ்சைச் சந்தையிலுள்ள மருந்து போதியளவு முறிக்கவில்லை என்று காட்டியிருக்கிறது.

ஒரு மருந்து எல்லாப் பாம்புக்கும் ஆகாது

இந்தப் பாடம் மருத்துவ உலகுக்குப் புதிதல்ல. 1890களில் சைகோனில் வேலை செய்த பிரெஞ்சு வைத்தியர் அல்பேர்ட் கல்மெற், நாகபாம்பின் நஞ்சைச் சிறிது சிறிதாக மிருகங்களில் ஏற்றி, அவற்றின் இரத்தத்தில் உருவாகும் பிறபொருளெதிரிகளை எடுத்து முதலாவது விஷமுறிவு மருந்தைச் செய்தார். எல்லாப் பாம்புக்கும் அது போதும் என்று நம்பினார். அவுஸ்திரேலியாவில் சார்ள்ஸ் மார்ட்டின் அதைச் சோதித்துப் பார்த்து, அங்குள்ள பாம்பின் நஞ்சுக்கு அது உதவவில்லை என்று சொன்னார். 130 வருடங்களாகத் தெரிந்த விடயம் இது.

இன்றும் முறை பெரிதாக மாறவில்லை. நஞ்சைக் குதிரைக்கு ஏற்றி, குதிரையின் இரத்தத்திலிருந்து பிறபொருளெதிரிகளைப் பிரிக்கிறார்கள். இந்திய மருந்துகளுக்குத் தேவையான நஞ்சில் பெரும்பங்கு, சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருளர் மக்கள் 1978 இல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. தலைமுறை தலைமுறையாகப் பாம்பை அறிந்த மக்களின் உழைப்பு அது; எங்கள் வைத்தியசாலைகளில் பிழைத்தவர்கள் அவர்களுக்கும் கடன்பட்டிருக்கிறார்கள். ஆனால் அவர்கள் பிடிப்பது தங்கள் சுற்றுவட்டாரப் பாம்புகளை. நான்கு இனங்களுக்கான மருந்து அது: நாகபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். இலங்கையில் ஏராளமானவர்களைக் கடிக்கும், மூக்கு மேல்நோக்கி நிமிர்ந்த சிறிய குழிவிரியன் அந்தப் பட்டியலில் இல்லை. சிங்களத்தில் அதைப் பொலொன் தெலிஸ்ஸா என்பார்கள். அதன் கடி பெரும்பாலும் வீக்கத்தோடு போய்விடும்; சிலருக்குச் சிறுநீரகம் செயலிழக்கும்.

பொருத்தம் குறைந்த மருந்தைக் கூடுதலாக ஏற்ற வேண்டிவரும். குதிரைப் புரதம் உடலுக்கு அந்நியமானது, ஒவ்வாமை வரும். இலங்கை வைத்தியசாலைகளில் 1,000க்கு மேற்பட்ட நோயாளர்களிடம் நடத்தி 2011 இல் வெளியிடப்பட்ட ஆய்வில், மருந்து ஏற்றப்பட்டவர்களில் நான்கில் மூன்று பங்கினருக்கு ஏதோ ஒரு வகை ஒவ்வாமை ஏற்பட்டது. முன்கூட்டியே சிறிதளவு அட்ரினலின் கொடுத்தால் கடுமையானவை குறைகின்றன என்பதும் அதே ஆய்வில்தான் தெரிந்தது. மருந்து ஏற்றும்போது வைத்தியரும் தாதியும் பக்கத்திலேயே நிற்பதற்குக் காரணம் இதுதான். பயந்து மருந்தை மறுக்கக் கூடாது. ஒவ்வாமைக்கு உடனே வைத்தியம் செய்யலாம்.

இலங்கைப் பாம்புகளின் நஞ்சிலிருந்தே மருந்து செய்யும் முயற்சி ஒன்று நடந்தது. பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் கொஸ்டாரிக்காவின் குளோடோமிரோ பிகாடோ நிறுவனமும் சேர்ந்து, குழிவிரியனையும் உள்ளடக்கிய ஒரு மருந்தை உருவாக்கி, ஆய்வுகூடச் சோதனை முடிவுகளை 2016 இல் வெளியிட்டார்கள். ஆய்வுகூட முடிவிலிருந்து கிராமத்து வைத்தியசாலை மருந்தறை வரை உள்ள தூரம் பணத்தாலும் அரசியல் விருப்பத்தாலும் ஆனது. பாம்புக்கடியால் சாவது ஏழை விவசாயி. அவனுக்காக மருந்து செய்தால் கம்பனிக்குப் பெரிய இலாபம் இல்லை. உலக சுகாதார நிறுவனமே 2017 இல்தான் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் முக்கிய பட்டியலில் சேர்த்தது.

கட்டுவிரியனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மற்றப் பாம்புகளையே விரும்பித் தின்னும், இரவில் திரியும் பாம்பு அது. நிலத்தில் நித்திரையில் கிடப்பவரைக் கடிக்கும். பல் பட்ட அடையாளமோ வலியோ பெரும்பாலும் இராது. அதிகாலையில் வயிற்றுவலியோடு எழும்புவார், பிறகு இமை இறங்கும். அதன் நஞ்சின் ஒரு பகுதி பூட்டை அடைப்பதோடு நிற்பதில்லை, நரம்பின் முனையையே அழிக்கிறது. அழிந்த பின் எந்த ஊர் மருந்தும் அதைத் திருப்பித் தராது; நரம்பு மீண்டும் வளரும் வரை, நாட்கணக்கில், சில வேளை வாரக்கணக்கில், செயற்கைச் சுவாச இயந்திரம்தான் உயிரைப் பிடித்து வைத்திருக்க வேண்டும். நிலத்தில் படுக்கிறவர்கள் நுளம்பு வலையின் ஓரத்தைப் பாய்க்குக் கீழே செருகிப் படுத்தால் இந்தப் பாம்பின் கடி குறைகிறது என்று நேபாளத்தில் செய்த ஆய்வு காட்டியிருக்கிறது.

விசகடி வைத்தியரிடம் போய்ப் பிழைத்தவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். மருந்துக்கே தடை இருந்த போர்க்காலத்தில் பல கிராமங்களில் அவர்தான் எட்டக்கூடிய தூரத்தில் இருந்தார். ஆனால் மேலே சொன்ன கணக்கை மறுபடி பாருங்கள்: 80,000 கடியில் 50,000 கடி நஞ்சு ஏறாத கடி. நஞ்சில்லாத பாம்பு கடித்ததாக இருக்கலாம், நஞ்சுள்ள பாம்பே நஞ்சை இறக்காமல் விட்டதாகவும் இருக்கலாம். அந்த 50,000 பேரும் எங்கே போனாலும் பிழைப்பார்கள். மிச்சம் 30,000 பேர் வழியில் இழக்கும் ஒவ்வொரு மணித்தியாலமும் கணக்கில் விழும்.

கடிபட்ட இடத்துக்கு மேலே இறுக்கிக் கட்ட வேண்டாம், கீற வேண்டாம், வாயால் உறிஞ்ச வேண்டாம். மோதிரம், காப்பு இருந்தால் வீக்கம் வருமுன் கழற்றிவிடுங்கள். கடிபட்டவரை நடக்கவிடாமல், கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்துக்கொண்டு, கிடைக்கும் முதல் வாகனத்தில் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். பாம்பைத் தேடி அடித்துக் கொண்டுபோகத் தேவையில்லை; தூர நின்று கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுக்க முடிந்தால் அது போதும். கடித்த நேரத்தைக் குறித்து வையுங்கள். வைத்தியசாலையில் சிறிதளவு இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசையாமல் வைத்து உறைகிறதா என்று பார்ப்பார்கள். உறையாவிட்டால் அது விரியன் கடி என்பதற்கு வலுவான அடையாளம். முதல் தடவை உறைந்தாலும் சில மணித்தியாலம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். அதுவரை வீட்டுக்குப் போக அவசரப்பட வேண்டாம்.